பின்னோக்கி நடந்த கிட்டார்

மாடிவீட்டில் சத்தம் இல்லையென்றால் கீழ்வீட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் கட்டடத்தில் கதை தலைகீழ். மாடியில் என் அண்ணனும் அண்ணியும். கீழே என் பட்டறை. நான் கிட்டார் செய்கிறவள். மாடியில் சத்தம் நின்றுபோன நாளிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை.

அண்ணன் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவன். சாயங்காலம் வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கிட்டாரை மடியில் எடுத்து வைத்துக்கொள்வான். அது நான் முதன்முதலாகச் செய்த கிட்டார். வெளியே காட்டக் கூச்சப்பட்டு அவன் தலையில் கட்டினேன். மேல் பலகை ஒரு பக்கம் தடிமன், மறு பக்கம் மெல்லிசு. அதைச் சொல்லி நான் வருத்தப்பட்டால், "உன் மூக்குகூடத்தான் ஒரு பக்கம் கோணல், பாப்பா. அதுக்காக உன்ன வீட்ட விட்டுத் தொரத்திட்டோமா?" என்பான். நாற்பதைத் தாண்டிய என்னைப் பாப்பா என்று கூப்பிட இந்த உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் துணிச்சல்.

அண்ணி பஸ் ஓட்டுகிறாள். விடியும் முன் போய் மாலையில் வருகிற ஷிப்ட். சங்கீதத்தில் தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். சாப்பாட்டு நேரத்தில் மாடியில் தினமும் ஒரே நாடகம்தான். "என்னங்க, கொஞ்சம் நிறுத்துங்களேன், சாப்பாடு ஆறுது" என்பாள். "இன்னும் ஒரே ஒரு தடவ" என்பான். அந்த ஒரே ஒரு தடவை எங்கே போய் முடியும் என்பது அண்ணிக்கு நன்றாகத் தெரியும். அவனுடைய தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடிவிட்டு அவள் பாட்டுக்குச் சாப்பிட உட்கார்ந்துவிடுவாள். தட்டு மேல் தட்டு உட்காரும் சத்தம் கூரை வழியாக எனக்குக் கேட்கும். அதுதான் எனக்கும் சாப்பாட்டு மணி. கையைக் கழுவிக்கொண்டு போவேன்.

பிறகு ஒரு காற்று நாளில், துணி எடுக்கப் போன அண்ணனின் இடது கையின் மேல் மொட்டை மாடியின் இரும்புக் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. கடைசி இரண்டு விரல்களும் நசுங்கின. வைத்தியத்தில் குறை சொல்ல முடியாது. விரல்கள் பிழைத்துக்கொண்டன. ஆனால் மடங்க மாட்டேன் என்று விட்டன. இரண்டும் விறைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்திகளைப்போல ஒதுங்கி நிற்கின்றன.

அவன் அழுகிற ஆள் இல்லை. அழுதிருந்தால் தேவலை. "ஸ்கேலப் பிடிக்க ரெண்டு வெரல் போதும், சம்பளம் கொறையாது" என்று சிரித்துவிட்டு அலுவலகத்துக்குப் போனான். கிட்டார் பெட்டிக்குள் போனது. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே அவன் மேஜையில் உட்கார்ந்திருந்தான். அண்ணிக்கு அவனை நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, தட்டை மூட வேண்டியிருக்கவில்லை. அந்த வீட்டில் யாரும் யாரையும் எதற்கும் திட்டவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு கீழே உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

யோசனை சொல்ல வந்தவர்களுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. கையை மாற்றி வாசி என்றார்கள். தந்தியை எதிர்ப்பக்கமாகக் கட்டிக் கொடுத்தேன். சில மாதம் முயன்றான். "என் வலது கை இப்பதான் பள்ளிக்கூடத்துல சேந்திருக்கு. இது படிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்" என்று வைத்துவிட்டான். இன்னும் சிலர், இரண்டே விரலால் உலகத்தை மயக்கிய ஒரு பழைய வித்வானைப் பற்றிச் சொன்னார்கள். வருகிறவர்கள் எல்லோரும் அதையே, ஏதோ தாங்கள்தான் முதலில் கண்டுபிடித்ததுபோலச் சொன்னார்கள். அண்ணன் ஒவ்வொரு முறையும், "அப்படியா, எனக்குத் தெரியாதே" என்று மரியாதையாகக் கேட்டுக்கொள்வான். அவர்கள் போனதும், "அவரு மேதை. நான் சாயங்காலத்துல பொழுது போக வாசிக்கிறவன். மேதைக்கு முடியுறது எனக்கு முடியணும்னு என்ன சட்டம்?" என்பான். 

இப்படியே போயிருக்கும். இடி வந்துதான் கெடுத்தார், அல்லது காப்பாற்றினார்.

இடி என்பது என் வாடிக்கையாளர் ஒருவருக்கு நான் வைத்த பெயர். எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவர். ஆள் நுழையும் முன்பே அவருடைய குரல் நுழையும். அப்போதுதான் அவருக்குக் குழந்தை பிறந்திருந்தது. "அக்கா, எங்க வீட்டுச் சின்னது நான் ஆம்ப்ளிஃபயர போட்டாலே அலறுது. மெதுவா வாசிக்க ஒரு நைலான் தந்திக் கிட்டார் வேணும்" என்றார். பட்டறைக்கு வந்திருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்து, "என்னோடது சும்மாதான் இருக்கு. எடுத்துக்கோங்க" என்றான். மழைக்குக் குடை கொடுப்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். இடி வெளியூர்க் கச்சேரிகளுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சீசன் முடிந்து திரும்பியதும் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டேன். இல்லாவிட்டால் பலகை பாழாகியிருக்கும்.

"நான் செஞ்சத நீ எப்படிண்ணா தூக்கிக் குடுப்ப?"

"பெட்டிக்குள்ள கெடக்குறதுக்கு ஒரு குழந்தை தூங்கட்டுமே" என்றான். "கொஞ்ச நாள் கழிச்சுப் பாத்தா அது இல்லாதது பழகிடும். மூலைல இருந்து அது என்னப் பாக்குறதுதான் பழக மாட்டேங்குது, பாப்பா."

அவன் வருத்தத்தை வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு தடவைதான். கிட்டார் வாசலைத் தாண்டிப் போய்விட்டால் அவன் இனி எதையும் தொட மாட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இடி திரும்பி வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

நான் சங்கீதத்தில் பெரிய ஆள் இல்லை. ஆனால் கிட்டாரின் சரித்திரம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். தலைகீழ் என்பதுதான் அன்றைக்கு எனக்கு உதவியது.

மற்றவர்கள் அந்தச் சரித்திரத்தை வளர்ச்சி என்பார்கள். எனக்கு அது, குடும்பம் பெருகப் பெருக அறை கட்டிக்கொண்டே போன வீடு. நானூறு, ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் அது கைக்குழந்தை அளவுக்குத்தான் இருந்தது. நாலே வரிசைத் தந்தி. முதல் வரிசை ஒற்றை, மற்ற மூன்றும் ஜோடி ஜோடி. அடுத்த தலைமுறைக்கு அது போதவில்லை. ஐந்தாவது ஜோடியைச் சேர்த்தார்கள், உடம்பை நீட்டினார்கள். அதற்கடுத்தவர்களுக்கு ஜோடியைச் சுருதி சேர்த்தே பாதி வாழ்நாள் போய்விட்டது போலிருக்கிறது. ஜோடியைப் பிரித்து, ஆறு ஒற்றைத் தந்தி ஆக்கினார்கள். பிறகு பெரிய அரங்குகள் வந்தன. கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் கேட்க வேண்டுமே. இடுப்பு அகன்றது, உள்ளே விசிறிபோலச் சட்டங்கள் வந்தன, கழுத்து அகலமானது. அதுவும் போதாமல் எஃகுத் தந்தி. எஃகும் போதாமல் காந்தத்தை வைத்து மின்சாரத்தில் மாட்டினார்கள். கடைசியில் வந்து நின்றவர் நம் இடி. ஒவ்வொரு காலத்திலும் கிட்டார் செய்கிறவர்களிடம் வாசிக்கிறவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம். ஒரு கைக்கு நாலு விரலும் நன்றாக வேலை செய்யும் என்று நம்பித்தான் நாங்களும் கொடுத்துக்கொண்டே வந்தோம்.

வீட்டில் ஆள் குறைந்தால் எந்த அறைகளைப் பூட்டுவது என்று பார்க்க வேண்டியதுதானே. கிட்டார் நடந்து வந்த வழியிலேயே பின்னோக்கி நடந்துபோனால், எங்காவது ஓரிடத்தில் இரண்டு விரல் போதும் என்று ஒரு கிட்டார் உட்கார்ந்திருக்காதா என்று நினைத்தேன்.

முதல் படி சுலபம். சின்ன உடம்பும் ஒல்லிக் கழுத்துமாக, ஆறு ஒற்றைத் தந்தி வந்த புதிதில் செய்த மாதிரியில் ஒன்று பட்டறையில் காட்சிக்குத் தொங்கியது. அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அண்ணி அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்திருந்தாள். ஒரு காலில் செருப்பும் மறு கால் வெறுங்காலுமாக வாசலிலேயே நின்றுவிட்டாள். அண்ணன் வாங்கினான், வாசித்தான். மெல்லிய தந்திகளில் இரண்டு விரலும் நன்றாகத்தான் ஓடின. அடித்தந்தியைப் பிடிக்கப் போன இடத்தில் கை நின்றுவிட்டது. அங்கே சுண்டுவிரல் இல்லாமல் முடியாது. நின்ற இடத்திலேயே கிட்டாரைத் தடவிக் கொடுத்து, "அழகா இருக்கு" என்று திருப்பித் தந்தான். அண்ணி மறு செருப்பையும் கழற்றி வைத்தாள். வயிறு சரியில்லை என்று அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இன்னும் ஒரு படி பின்னால் போனேன். ஐந்து ஜோடித் தந்தி. அதைச் செய்ய வேண்டியிருந்தது. செய்தேன். மற்ற வேலைகளையெல்லாம் தள்ளிப்போட்டு, வாடிக்கையாளர்களிடம் வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிச் செய்தேன். அது இன்னும் மோசம். ஒரு விரலால் இரண்டு தந்தியை அமுக்க வேண்டும். ஐந்து ஜோடிக்கு இரண்டு விரல் எங்கே போதும்? அண்ணன் நாலு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "சந்தோஷமான சத்தம். யாருக்காவது குடு" என்றான். அன்றைக்கு அண்ணி, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களை எல்லாம் எடுத்து மறுபடியும் கழுவினாள்.

அண்ணன் படியிறங்கி வந்து என்னிடம் சொன்னான்: "போதும் பாப்பா. எனக்குத் தாங்கும். அவளுக்குத் தாங்கல. நீ ஒவ்வொண்ணா தூக்கிட்டு வரும்போதும் அவ மொகத்தப் பாக்கணுமே. இனிமே மாடிக்கு எதையும் கொண்டுவராத."

கொண்டுவர மாட்டேன் என்றேன். செய்ய மாட்டேன் என்று சொல்லவில்லை.

கடைசிப் படிக்கு இறங்கினேன். நாலு வரிசைக் கிட்டார். கேட்டால் வேண்டாம் என்பான். அதனால் ஒரு வாடிக்கையாளர் கேட்டிருக்கிறார் என்று சொல்லிவைத்தேன். பழைய காலத்தில் அந்தக் கிட்டாரின் வாயை, நடுவில் இருக்கும் வட்டத் துளையை, வெறுமனே திறந்து விடுவதில்லை. தோலையோ காகிதத்தையோ பூவேலைப்பாடாக வெட்டி, அடுக்கடுக்காக ஒட்டி அதற்குள் பதிப்பார்கள். என் கையில் காகிதம் கிழியும். அண்ணனுடையது அளவுக்காரன் கை. "வாடிக்கையாளருக்காக இத மட்டும் வெட்டிக் குடேன்" என்றேன். வலது கை வேலைதான், இடது கை காகிதத்தைப் பிடித்தால் போதும். காம்பஸும் கூர்க்கத்தியுமாக உட்கார்ந்து ஒரு ரோஜாவை வெட்டினான். ஊரையே காகிதத்தில் அடக்குகிறவனுக்கு ரோஜா எம்மாத்திரம். ஒன்று மேல் ஒன்றாக மூன்று அடுக்கு. உள்ளே பார்த்தால் கிணற்றுக்குள் பூத்ததுபோல இருந்தது.

கிட்டார் முடிந்தது. மடியில் வைத்தால் மடியே தெரியும், அவ்வளவு சின்னது. எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பிரிட்ஜ் என்று நாங்கள் சொல்கிற கட்டையில்தான் தந்திகளின் இழுப்பு முழுவதும் விழும். அதைப் புதிதாக ஒட்டியிருந்தால் முதல் நாளே கனத்த தந்தி போட மாட்டேன். கையில் கிடைக்கிற மெல்லிய தந்தியாகப் பார்த்துப் போட்டு, கட்டை தாங்குகிறதா என்று ஒரு நாள் விட்டுப் பார்ப்பேன். அன்றும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் மெல்லிய தந்தி. நாலாவது வரிசை கீழ்ச் சுருதியில் முழங்க வேண்டியது. அந்த மெல்லிய தந்தியை அவ்வளவு தாழ்த்தினால் துணி காயப்போடும் கயிறுபோலத் தொங்கியது. ஒரு நாளைக்குத்தானே என்று, சத்தம் வருகிற வரைக்கும் முறுக்கி, மேல் சுருதியில் நிறுத்திவிட்டு, உப்புத்தாள் வாங்கக் கடைக்குப் போனேன்.

திரும்பி வரும்போது பட்டறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே கிட்டார் சத்தம் கேட்டது.

கதவுக்கு வெளியே உப்புத்தாள் கட்டோடு நின்றுவிட்டேன். அண்ணன் தன் ரோஜா எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வந்திருக்கிறான். பார்த்தவன் எடுத்திருக்கிறான். எடுத்தவன் உட்கார்ந்திருக்கிறான். யாருடையதோ கிட்டார், பக்கத்தில் யாரும் இல்லை, யாருடைய முகமும் அவனை எதிர்பார்த்துக்கொண்டிருக்கவில்லை. முன்பு மாடியிலிருந்து கேட்கிற கனத்த நடை இல்லை இது. சின்னச் சின்ன மணிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அசைத்ததுபோல, ஒரு சுரம் அடங்கும் முன் அடுத்தது அதன் மேல் வந்து படிந்தது. நான் அழுதேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, வேண்டுமென்றே செருப்பைத் தேய்த்துச் சத்தம் செய்து உள்ளே போனேன். அண்ணன் கிட்டாரை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து நின்றான். திருட்டுத்தனமாகச் சர்க்கரை தின்றவன் முகம்.

"ரோஜா நல்லா உக்காந்திருக்கு" என்றான்.

"ஆமா" என்றேன்.

அதற்குப் பிறகு நான் செய்த முட்டாள்தனத்தைக் கிட்டார் செய்கிறவளைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். குப்பைத் தந்திக்கே இப்படி வாசிக்கிறான் என்றால், சரியான தந்தி போட்டால் எப்படி வாசிப்பான் என்று நினைத்துவிட்டேன். பிரிட்ஜ் தாங்கியிருந்தது. ஒரு நாள் பொறுக்காமல் அன்றைக்கே நாலாவது வரிசைக்குத் தடித்த தந்தியைத் தேடி எடுத்துக் கட்டி, கீழ்ச் சுருதியில் ஒழுங்காகச் சேர்த்தேன். மடியில் வைத்தால் மேலே வரும் கடைசித் தந்தி கனமாக முழங்க வேண்டும். இந்தத் தொழிலுக்கு வந்த நாள் முதல் என் காது அதற்குத்தான் பழகியிருக்கிறது.

மறுநாள் மாலை அண்ணன் ரோஜாவைப் பார்க்க மறுபடியும் வந்தான். ஒரு காகித ரோஜாவை ஒரு மனிதன் எத்தனை தடவை பார்ப்பான். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு எதையோ தேய்த்துக்கொண்டிருந்தேன். தந்தி மீட்டும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. மறுபடி நின்றது.

"யாரு இதக் கெடுத்தது?"

திரும்பிப் பார்த்தேன். அண்ணனின் முகம் சிவந்திருந்தது.

"கெடுக்கல. நேத்து இருந்தது சும்மா ஒப்புக்குப் போட்டது. அப்புறம்தான் சரியான தந்தி போட்டேன்."

"எது சரி? இந்தத் தொப்பு தொப்புன்னு விழுறதா? நேத்து நான் தேடுன சுரமெல்லாம் பக்கத்து தந்திலயே இருந்துச்சு. இத விட்டா அது, அத விட்டா இதுன்னு கைய நகத்தாமலே போயிட்டிருந்தேன். பாதி சுரத்துக்கு வெரலே வேண்டாம், சும்மா விட்ட தந்தியே பேசுச்சு. இப்ப நாலாவது தந்தி போயி பாதாளத்துல உக்காந்திருக்கு. இத நான் எப்படிப் போயி எடுப்பேன்?"

"நாலாவது தந்தின்னா கீழதான்ணா இருக்கணும்."

"யார் சொன்னா?"

"நான் சொல்றேன். நான் கிட்டார் செய்றவ."

"அப்ப நீ செஞ்சத நீயே வாசி" என்று சொல்லிவிட்டு, கிட்டாரை மேஜையில் வைத்தான். மெதுவாகத்தான் வைத்தான். ஆனால் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனான்.

நான் சுவரைப் பார்த்துச் சிரித்தேன். அந்த விபத்துக்குப் பிறகு அவன் கோபப்பட்டதே இல்லை. விரல் போனதற்குக் கோபப்படவில்லை, கதவின் மேல் கோபப்படவில்லை, ஆறுதல் சொல்ல வந்தவர்களின் மேலும் கோபப்படவில்லை. ஒரு தந்திக்காக என் மேல் கோபப்பட்டான். இதைவிட நல்ல சேதி எனக்கு வேறு என்ன வரப்போகிறது.

தடித்த தந்தியை அவிழ்த்தேன். அவிழ்க்கும்போதுதான் உறைத்தது. அந்தக் காலத்தில் சிலர் நாலாவதை வேண்டுமென்றே மேல் சுருதியில் வைத்து வாசித்தார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. பட்டறை பார்க்க வருகிறவர்களிடம் நானே கைகட்டி நின்று விளக்கியிருக்கிறேன். வாய் சொன்னதைக் காது நம்பவில்லை. நல்ல அடித்தந்தி கிடைக்காத காலத்தில் ஏதோ சமாளித்தார்கள் என்றுதான் மனதுக்குள் எண்ணம். சமாளிப்பில்லை அது. சமையலறையில் எல்லாவற்றையும் கைக்கெட்டும் அலமாரித் தட்டில் அடுக்குகிறவர்கள் உண்டு, பாதியைப் பரணில் ஏற்றுகிறவர்கள் உண்டு. அவர்கள் தட்டில் அடுக்கியவர்கள். நாங்கள் பிறகு பரண் கட்டினோம், ஏணி வைத்தோம், ஏணி ஏறுவதையே பெரிய வித்தை என்று கொண்டாடினோம். ஏணி ஏற முடியாத என் அண்ணனுக்குத் தட்டு போதும்.

மெல்லிய தந்தியைப் பழையபடி கட்டி முடித்து, மாடிப்படியின் அடியில் நின்று கூப்பிட்டேன்.

"அண்ணா. வந்து பாரு."

உடனே வந்தான். படியிலேயே உட்கார்ந்திருந்தான் போலிருக்கிறது. வாசித்தான். வாசித்துக்கொண்டே கேட்டான்:

"இது யாரோ வாடிக்கையாளரோடதுன்னியே. எப்ப எடுக்க வர்றாரு?"

"வந்தாச்சு."

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் கை நின்றது. பிறகு மறுபடி வாசித்தான். கொஞ்ச நேரம் கழித்து, "உனக்குக் கொழுப்பு ஜாஸ்தி, பாப்பா" என்றான். 

அண்ணியிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். இன்னொரு தடவை அவள் முகம் விழுவதைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. முழுசாகக் கைக்கு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்றான். அலுவலகம் முடிந்ததும் நேரே பட்டறைக்கு வருவான். அண்ணி டிப்போவில் பஸ்ஸை விட்டுவிட்டு வருவதற்குள் வாசிப்பான். தெருமுனையில் அவள் யாருடனாவது சத்தமாகப் பேசிக்கொண்டு வருவது கேட்டதும் கிட்டாரை என் கையில் திணித்துவிட்டு மாடிக்கு ஓடுவான். கள்ளக் காதலனை ஒளித்து வைப்பதுபோல நான் அதைப் பலகைகளுக்குப் பின்னால் ஒளித்து வைப்பேன். பழைய பாட்டுகள் எல்லாவற்றையும் இதில் வாசிக்க முடியவில்லை. அதைப் பற்றி அவன் கவலைப்படவும் இல்லை. வாசிக்க முடிந்ததை, முன்பு வாசிக்காத விதமாக வாசித்தான்.

இடி திரும்பி வந்தார். ஒரு சாயங்காலம் பட்டறை அதிர நுழைந்து, "அக்கா, குழந்தை இப்ப தவழுது" என்றார். அவரைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனேன். போகும்போது சின்னக் கிட்டாரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். அண்ணன் மூலையிலிருந்த பெட்டியைத் திறந்து, ஆறு தந்திக் கிட்டாரை ஒரு முறை துடைத்து, மூடிக் கொடுத்தான். "ஒரு பக்கம் தடிமன். அது குறை இல்ல, அதோட குணம். கண்டுக்காதீங்க" என்றான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இழப்பு எதுவும் தெரியவில்லை. வளர்ந்த பிள்ளையின் சட்டையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கிறவர்களின் முகம்தான் அது.

நாங்கள் சற்றும் எதிர்பார்க்காதது, அண்ணி அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டாள். படியில் இடியை எதிர்கொண்டிருக்கிறாள். அவர் கையில் பெட்டி. அவருடைய குரல் கேட்டது: "அண்ணி, சார் தங்கமான மனுஷன்." 

உள்ளே வந்தாள். முதலில் மூலையைப் பார்த்தாள். பிறகுதான் எங்களை.

"போயிடுச்சா?" என்றாள்.

"போயிடுச்சு" என்றான் அண்ணன்.

"நல்லதுதான். பெருக்கும்போது இடைஞ்சலா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. அடுப்பைப் பற்றவைத்தாள். எதையோ சூடு பண்ணினாள். வழக்கமாகப் பஸ்ஸில் அன்று யார் யார் சண்டை போட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே வேலை செய்கிறவள். அன்றைக்கு ஒரு வார்த்தை இல்லை. என்னைப் பார்க்காமலே, "நீயும் இங்கேயே சாப்பிடு" என்றாள். மேஜையில் மூன்று தட்டு வைத்தாள். பரிமாறினாள்.

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் துணியைப் பிரித்துக் கொடுத்தேன்.

அவன் மேஜைக்கு வரவில்லை. பழைய நாற்காலியில், பழைய மூலையில் உட்கார்ந்து, அந்தச் சின்னதை மடியில் வைத்துக்கொண்டு தொடங்கினான். கரண்டியோடு திரும்பிய அண்ணி அப்படியே நின்றாள். முதலில் அவள் அவனைப் பார்க்கவில்லை, அவனுடைய இடது கையைத்தான் பார்த்தாள். இரண்டு விரல் விறைத்து ஒதுங்கி நின்றன. மற்ற இரண்டும் அவற்றை ஒரு பொருட்டாக மதிக்காமல் ஓடிக்கொண்டிருந்தன. எந்த இடத்தில் நிற்கப்போகிறது என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் நானும் பழக்கதோஷத்தில் காத்துக்கொண்டிருந்தேன். எங்கும் நிற்கவில்லை. முடிகிற இடத்தில்தான் முடிந்தது.

முடிந்ததும் அவன் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.

அண்ணி கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். யூனிஃபார்ம் கையால் கண்ணையும் மூக்கையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அவளுக்குச் சங்கீதம் தெரியாது என்று சொன்னேன் அல்லவா. அது வேறு தந்தி, வேறு சுருதி, பழைய பாட்டில் பாதிதான் அதில் இருக்கிறது என்பதெல்லாம் அவள் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. விழுந்திருந்தாலும் அவள் கேட்டுக்கொண்டிருந்தது வேறு எதையோ.

மூன்றாவது தடவை அவன் தொடங்கியபோது, சாதத்திலிருந்து ஆவி வருவது நின்றுபோயிருந்தது. அண்ணி அவன் தட்டின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். 

"என்னங்க, கொஞ்சம் நிறுத்துங்களேன், சாப்பாடு ஆறுது."

அண்ணன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "இன்னும் ஒரே ஒரு தடவ" என்றான்.

அண்ணி எழுந்து அலமாரியிலிருந்து இன்னொரு தட்டை எடுத்து வந்து, அவன் தட்டின் மேல் கவிழ்த்து மூடினாள். அந்தச் சத்தத்தை நான் என் பட்டறைக் கூரைக்கு மேலே இருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.